மாற்றி அடிக்காத முளைகள்

மாவட்டத் தடகளப் போட்டி ஒன்றில் நான் ஓட்டப் பாதையைத் தவறாகப் போட்டேன். அதனால் ஜெயித்திருக்க வேண்டிய ஒரு பெண் தோற்றுப்போனாள். தவறு அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது அவளும் அவள் தகப்பனாரும் மைதானத்து வாசலில்தான் நின்றிருந்தார்கள். கூப்பிட்டால் காதில் விழும் தூரம். நான் கூப்பிடவில்லை. அதன்பிறகு முப்பது வருஷங்களுக்கு மேல் யாரிடமும் சொல்லவுமில்லை.

செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். ஊரில் என்னை பி.டி. சார் என்பார்கள். மாவட்டப் போட்டி எங்கே நடந்தாலும் டிராக் போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் காலத்தில் ஓட்டப் பாதை என்றால் மண்தான். புல்லைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, உருளை விட்டு, அதன்மேல் சுண்ணாம்புத் தூளால் கோடு போட வேண்டும். இன்று போட்ட கோடு நாளை மழைக்கோ மாட்டுக்கோ தாங்காது. நேரம் பார்ப்பது கைக் கடிகாரத்தில். வெடிச் சத்தம் வந்து சேரத் தாமதமாகும் என்பதால் துப்பாக்கிப் புகையைப் பார்த்துக் கட்டைவிரலை அழுத்துவோம். ஒருவர் விரலுக்கும் இன்னொருவர் விரலுக்கும் இடையில் எத்தனையோ பிள்ளைகளின் எதிர்காலம் இருந்தது. நம் நாட்டுத் தடகளத்தின் கதையைப் பதக்கங்களை வைத்துத்தான் சொல்கிறார்கள். நான் பார்த்த கதை பெரும்பாலும் இந்த மண்ணிலும் சுண்ணாம்பிலும் நடந்தது. சிறு வயதில் ரேடியோவில் கேட்டதெல்லாம் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டவர்களைப் பற்றித்தான். அதைக் கேட்டுக் கண்கலங்கியவன் நான். அப்படி ஒருவரை நானே உண்டாக்குவேன் என்று நினைத்ததில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். நானூறு மீட்டர் ஓட்டத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் நின்று புறப்படுவதில்லை. வட்டத்தில் வெளிப்பக்கம் ஓடுகிறவர் அதிக தூரம் சுற்ற வேண்டியிருக்கும். அதனால் அவரை அந்த அளவுக்கு முன்னால் நிறுத்துவோம். எவ்வளவு முன்னால் என்பது ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய லேனின் அகலத்தைப் பொறுத்தது. லேன் அகலமாக இருந்தால் அதிகம் முன்னால் போக வேண்டும், குறுகலாக இருந்தால் குறைவாக. அந்த இடங்களில் மரமுளை அடித்து வைப்போம். முளை இருக்கும் இடத்தில்தான் புறப்பாட்டுக் கோடு.

போட்டிக்கு முந்தின நாள் மாலை எல்லாம் சரியாகத்தான் செய்தேன். விதிப்புத்தகத்தில் உள்ள அகலத்துக்கு லேன்களைப் போட்டு, அதற்கான அளவில் முளைகளை அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு தூறல் விழுந்தது. காலையில் போனால் கோடுகள் கலைந்து கிடக்கின்றன. அதோடு விருந்தினர் பந்தலின் மூங்கில் கால்கள் வளைவில் வெளி லேனை விழுங்கிக்கொண்டு நிற்கின்றன.

பந்தல்காரரிடம் கத்தினேன். அவர் அசரவில்லை.

"அண்ணாத்த, கால் நட்டு கயிறு கட்டியாச்சு. இப்ப புடுங்குன்னா இன்னா நாயம்? வர்ற பெரிய மனுசன் வெயில்ல குந்தணுமா? உன் கோட்டை கொஞ்சம் இப்டி தள்ளிப் போட்டுக்கோ. கோடுதானே, சொவுரா இன்னா?"

தலைமை ஆசிரியரும் அவர் பக்கம்தான் பேசினார். வேறு வழியில்லை. கோடுகளை எப்படியும் மறுபடி போட்டாக வேண்டும். லேன்களை ஒரு மீட்டராகக் குறுக்கினால் பந்தலுக்கு வெளியே ஆறு லேன்களும் அடங்கிவிடும். இரண்டு ஆசிரியர்களைக் கூட வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகச் சுண்ணாம்பு போட்டேன். சட்டையெல்லாம் வெள்ளை. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். முளைகள் இருந்த இடங்களில் புறப்பாட்டுக் கோடுகளை இழுத்து முடித்தேன். லேனைக் குறுக்கியவன் முளைகளையும் பிடுங்கிப் பின்னால் தள்ளி அடித்திருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே முதல் லேனுக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. வெளியே போகப் போகச் சலுகை கூடியது. ஆறாவது லேனில் நின்ற பெண் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தை ஓடாமலே பெற்றுக்கொண்டாள். பார்வைக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியாத தவறு. வெளி லேன்காரி முன்னால் நிற்பாள் என்பது எல்லோருக்கும் பழக்கம். எவ்வளவு முன்னால் என்று யார் பார்க்கிறார்கள்?

மாணவியர் நானூறு மீட்டர் இறுதி ஓட்டம். சீட்டுக் குலுக்கியதில் முதல் லேன் விழுந்தது ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு. மார்க்கெட்டில் செருப்புக் கடை வைத்திருந்தவரின் மகள். முழுக்கால் பேண்ட் போட்டு, தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவாள். அவளுக்குப் பயிற்சியாளர் என்று தனியாக யாருமில்லை, தகப்பனார்தான். விடியற்காலையில் ஏரிக்கரைச் சாலையில் அவள் ஓட, பின்னாலேயே சைக்கிளில் போவார். அவள் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மாவட்டத்தில் முதலாவதாக வருகிற ஒருத்திதான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். அங்கே ஓடினால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். ஜெயித்தால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் கல்யாணப் பேச்சு என்று அந்த வீட்டில் முடிவாகியிருந்தது.

புறப்பாட்டுக் கோட்டருகே நான் நின்றிருந்தபோது தகப்பனார் அவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"உள் லேன் நல்லதும்மா. எல்லாரும் கண்ணு முன்னால கீறாங்க. கடைசி லேன்ல போறவள மட்டும் பாத்துகினு ஓடு. ஆரம்பத்துல அடக்கி வாசி. கடைசி நேர்ல புடிச்சிடலாம்."

நல்ல யோசனை. நான் பயிற்றுவித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவள் அப்படியே ஓடினாள். கடைசி நேர்ப்பாதையில் ஒவ்வொருத்தியாகத் தாண்டிவந்தாள். ஆறாவது லேன்காரியை நெருங்கி நெருங்கி வந்து, இரண்டு எட்டு மிச்சமிருக்கும்போது எல்லைக்கோடு வந்துவிட்டது.

பரிசளிப்பு முடிந்ததும் தகப்பனார் என்னிடம் வந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், கோச்சுக்காதீங்க. எம் பொண்ணு அந்தப் பொண்ணாண்ட இதுவரைக்கும் தோத்ததே இல்ல. இன்னிக்கி இன்னாமோ இடிக்குது. ஒரே ஒரு தபா டேப் வெச்சி பாத்துடுங்க சார்."

சுற்றிலும் ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள். காலையிலிருந்து எனக்கு இருந்த எரிச்சல் அவர்மேல் திரும்பியது.

"பாய், தோத்தவங்க எல்லாம் டேப் கேட்டா நான் வூட்டுக்குப் போன மாதிரிதான். உங்க கடையில ஜோடி சேரலன்னா மாத்திக் குடுப்பீங்க. இங்க அந்த வியாபாரம் எல்லாம் கெடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்திலிருந்து யாரோ, "பாய், அடுத்த வாட்டி நல்ல செருப்பா பாத்து மாட்டி வுடு!" என்றார்கள். அவரும் சிரித்துவிட்டு நகர்ந்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

மைதானம் காலியானபிறகு முளைகளைப் பிடுங்கப் போனேன். ஆறாவது லேனின் முளையைக் கையில் பிடித்து ஆட்டும்போதுதான் உறைத்தது. காலையில் லேனைக் குறுக்கினேனே. டேப்பை எடுத்து அளந்தேன். மறுபடி அளந்தேன். வாசல் பக்கம் பார்த்தேன். சோடாக்கடை அருகே மகளின் தோளில் கைபோட்டு அவர் நின்றிருந்தார். காற்று என் பக்கமாக வீசியது. அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீ இன்னாம்மா பண்ணுவே. உம்மேல தப்பே இல்ல. நாந்தான் அடக்கி ஓடச் சொன்னேன். எம்புத்திய செருப்பாலதான் அடிக்கணும்."

அந்த வார்த்தைகளைக் கேட்டபிறகும் நான் வாய் திறக்கவில்லை. விருந்தினர் பரிசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார், இனி ஓட்டத்தை எப்படித் திரும்ப நடத்துவது, தலைமை ஆசிரியர் என்ன சொல்வார், அடுத்த வருஷம் டிராக் போட யார் என்னைக் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் மனம் ஓடியது. சற்று முன் அத்தனை பேருக்கு முன்னால் அவரைக் கேலி செய்திருந்தேன். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? முளைகளைக் கோணிப்பையில் போட்டுக் கட்டினேன். இருநூறு மீட்டர் ஓட்டத்திலும் இதே தவறு பாதியளவு இருந்திருக்கும். அங்கே யார் எவ்வளவு இடைவெளியில் தோற்றார்கள் என்பது எனக்கு நினைவில்லை. அதைத் தேடிப் பார்க்கும் தைரியமும் இருக்கவில்லை.

அந்தப் பெண்ணை அதன்பிறகு எந்தப் போட்டியிலும் நான் பார்க்கவில்லை. கல்யாணமாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தகப்பனாரை மட்டும் ஒன்றிரண்டு முறை பஸ் நிலையத்தில் தூரத்திலிருந்து பார்த்தேன். சாலையின் எதிர்ப்பக்கம் போய்விட்டேன். மார்க்கெட்டில் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டேன். வீட்டில் யாருக்காவது செருப்பு வாங்க வேண்டுமென்றால் தாம்பரத்துக்குப் போவோம். மனைவி காரணம் கேட்டபோது அங்கே விலை மலிவு என்றேன்.

வெளியே எனக்குப் பெயர் கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் முளைகளைத் திரும்பத் திரும்ப அளப்பேன். "சார் மாதிரி யாரும் டிராக் போட முடியாது" என்பார்கள். பயத்தில் செய்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? ஓட்டம் முடிந்து யாராவது தகப்பன் என்னை நோக்கி நடந்து வந்தால் டேப்பை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன். பிறகு செயற்கைப் பாதைகள் வந்தன. கோடுகளும் புறப்பாட்டு இடங்களும் நிரந்தரமாக வர்ணத்தில் தீட்டப்பட்டன. கட்டைவிரல் போய் மின்கருவி வந்தது. முதன்முதலாக அப்படி ஒரு பாதையில் நின்றபோது, இனி இங்கே பந்தல்காரரோ தூறலோ என்னைப் போன்ற ஆளோ எதையும் கெடுக்க முடியாது என்று பட்டது. சந்தோஷப்பட வேண்டியவன் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி காலமானபிறகு படூரில் மகனுடைய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களும் நடுவர்களும் கூடிய ஒரு விழாவில், நம் நாட்டில் தடகளம் எப்படி வளர்ந்தது என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். இதுதான் சமயம் என்று நினைத்தேன். மண் பாதை, புகை, கட்டைவிரல் எல்லாம் சொல்லிவிட்டு, அந்த முளைகளைப் பற்றியும் மைக்கில் சொன்னேன். பாதி சொல்லும்போதே சிரிக்க ஆரம்பித்தார்கள். முடித்ததும் பலமாகக் கைதட்டினார்கள். ஒருவர் மேடைக்கு வந்து, "எவ்ளோ பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று பொன்னாடை போர்த்தினார். இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலத்து டிராக்குல எந்த ரேஸ் சார் ஒழுங்கா நடந்துச்சு? வுடுங்க" என்றார். எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது, என் மேலேயே.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒருவர் என்னோடு அந்தப் போட்டியில் சுண்ணாம்பு போட்ட பழைய ஆசிரியர். வெளியே வந்து சொன்னார். "அந்தப் பொண்ணு மகாபலிபுரத்துல செருப்புக் கடை வெச்சிருக்கு. கோயிலுக்குப் போற ரோட்டுல. சொல்லணும்னா அங்க போய் சொல்லுங்க."

முதல் தடவை போனபோது கடை தெரியும் இடம்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். மறு வாரம் மறுபடி போனேன். தகப்பனாருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும், உயிரோடிருந்தால் அவர் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனேன். "உங்க யோசனையில தப்பு இல்ல பாய்" என்றுதான் தொடங்குவதாக இருந்தேன்.

கடையில் அவள் தனியாக இருந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"பி.டி. சார் தானே? இன்னா சார், இம்மாந் தூரம்? வாங்க, குந்துங்க. டீ சொல்லட்டா?"

"டீ வேணாம்மா. அத்தா எப்படி இருக்கார்?"

"அத்தா மவுத்தாயிட்டாரு சார். அடுத்த மாசம் வந்தா வருசம் ஆவுது."

இறந்துபோன தகப்பனாருக்காகக் கோத்து வைத்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. எப்படியோ சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. கல்லாப்பெட்டி மேலிருந்த செருப்புகளை எடுத்து ஆறு வரிசையாக வைத்து, இது முளை, இது உன் லேன், இது அவள் நின்ற இடம், இங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டினேன். கடைசிச் செருப்பைப் பின்னால் நகர்த்தினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஜெயிச்சிட்டேனா சார்?"

"ஆமாம்மா. தாராளமா."

வடக்கிலிருந்து வந்த சுற்றுலாக்காரர் ஒருவர் உள்ளே வந்து விலை கேட்டார். அவள் எழுந்து அரைகுறை ஹிந்தியில் பேரம் பேசி, ஜோடியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, பாக்கிச் சில்லறையும் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகம் மாறியிருந்தது.

"எப்ப தெரியும் சார் உங்களுக்கு?"

"அன்னிக்கி சாயங்காலமே."

"நாங்க அப்ப எங்க இருந்தோம்?"

"வாசல்ல. சோடாக்கடையாண்ட."

அவள் அந்த ஆறு செருப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். பேசியபோது குரல் உயரவில்லை.

"என் ஓட்டம் போனா போவுது சார். கல்யாணம் ஆச்சு, கொழந்தைங்க ஆச்சு, கடை கீது. நல்லாத்தான் கீறேன். ஆனா எங்கத்தா அதுக்கப்புறம் சைக்கிளையே தொடல. டிவில யாராவது ஓடினா எழுந்து போய்டுவாரு. அம்மா அவர எப்டியெல்லாம் பேசிச்சி தெரியுமா? 'பொண்ண படிக்கவும் வுடல, ஓடவும் வுடல, அடக்கி ஓடுன்னு சொல்லிக் கெடுத்த மனுசன்'னு எதுக்கெடுத்தாலும் அதான். அவரு ஒரு வார்த்த திருப்பிப் பேசமாட்டாரு. ஆமா நாந்தான், ஆமா நாந்தான். சாவுற வரைக்கும்."

தடகளச் சங்கத்துக்கு எழுதி முடிவைத் திருத்தச் சொல்கிறேன் என்றேன். கேட்டதும் கோபம் வந்துவிட்டது அவளுக்கு.

"எதுக்கு? ஜெயிச்ச பொண்ணு வேலைக்குப் போய், குடும்பமாகி, எங்கியோ நல்லா கீறா. அவ இன்னா சார் தப்பு பண்ணா? உங்க பாரத்த எறக்கி வெக்க அவ தலைதான் கெடச்சிதா? அவள வம்புக்கு இழுக்காதீங்க." கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணு பண்ணுங்க. அத்தாவுக்கு வருசம் முடியுற அன்னிக்கி பாத்தியா ஓதுறோம். சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அங்க வந்து எங்கம்மாகிட்ட சொல்லுங்க. எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. அன்னிக்கி எல்லாரு முன்னாலயுந்தானே அவர பாத்து சிரிச்சீங்க" என்றாள்.

அந்த ஒரு மாதம் எப்படிப் போனதென்று சொல்லத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் கூட்டிக் கொடுத்தார். மகன் என்னவென்று கேட்டபோது அவனிடமும் சொன்னேன். "இந்த வயசுல போய் அடி வாங்கிட்டு வரப்போறீங்களா?" என்றான். பிறகு அவனே காரில் கொண்டுபோய் விட்டான்.

மகளின் வீடு சின்னது. கூடத்தில் ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். உள்வாசல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் அம்மா. ஓதி முடிந்ததும் மகள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் எழுந்து நின்றேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல் வெளியே வரவில்லை. பெரியவர் ஒருவர், "சத்தமா சொல்லுங்க, காது கேக்கல" என்றார். சத்தமாகச் சொன்னேன். நான் யார், எங்கே இருக்கிறேன், பந்தல், லேன், முளை, டேப் கேட்டவரை நான் பேசிய பேச்சு, வாசலில் அவர் சொன்னது, நான் கூப்பிடாமல் விட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இறந்தவரின் தம்பி எழுந்துவிட்டார். "போன வருசம் வந்திருக்கக் கூடாதாய்யா? ஒரு வருசம்! பக்கத்துல படூர்ல குந்திகினு கீறியே!"

"வந்திருக்கணும்" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அப்போ அவரு சொன்னது சரிதானா? அடக்கி ஓடச் சொன்னது?"

"சரிதாம்மா. அதைவிட நல்ல யோசனை யாராலயும் சொல்லியிருக்க முடியாது."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "நான் எவ்ளோ பேசிட்டேன் அந்த மனுசன" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். "அவராண்ட கேக்க வேண்டியது. எங்கிட்ட கேக்காத. நானே அவராண்ட கேக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். வந்தவர்களுக்குச் சாப்பாடு பரிமாற ஆரம்பித்தார்கள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

மகள் கார்வரை வந்தாள்.

"சொன்னீங்க. அது போதும் சார். அம்மா இன்னிக்கிதான் அவரு பேர சொல்லி அழுதுச்சு. மவுத்து வூட்ல கூட அழல." பிறகு கார்க்கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "இனிமே வராதீங்க. உங்கள பாத்தா அந்த வாசல்தான் ஞாபகத்துக்கு வரும். எதுனா வேணும்னா நானே போன் பண்றேன்."

அதன்பிறகு நான் அங்கே போகவில்லை. சங்கத்துக்கும் எழுதவில்லை. நல்லது செய்தேனா, ஒரு வயதான பெண்மணியின் தலையில் புதிதாக ஒரு பாரத்தை ஏற்றிவிட்டு வந்தேனா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்று காரில் திரும்பும்போது மகனிடம் கேட்டேன். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். கேளம்பாக்கம் வந்ததும், "மாத்திரை போட்டீங்களா?" என்றான்.